மார்க் இல்லாத பீரியட்

சீனப் பள்ளிகளில் ஆங்கிலம் பேசச் சொல்லித்தரும் வெளிநாட்டு ஆசிரியர்களின் அன்றாடம்

சீனாவில் பல்கலைக்கழகம் போக விரும்பும் பிள்ளைகள் எழுதும் தேர்வுக்குக் காவ்காவ் என்று பெயர். ஆண்டுதோறும் ஜூன் 7-ம் தேதி தொடங்கும். 2024-ல் 1 கோடியே 34 லட்சம் பேர் பதிவு செய்திருந்தார்கள். பெரும்பாலான மாகாணங்களில் மொத்தம் 750 மார்க், அதில் ஆங்கிலத்துக்கு 150. இந்த 150-ல் ஒலிப்பதிவைக் கேட்டு விடை குறிப்பதற்கு 30. மற்றதெல்லாம் வாசிப்பும் எழுத்தும்தான். வாயைத் திறந்து பேசுவதற்கு அந்த மாகாணங்களில் ஒரு மார்க்கும் கிடையாது.

ஆங்கிலம் பேசக் கற்றுத்தர அந்த நாட்டுக்குப் போகிற ஆசிரியரின் பிழைப்பு இந்தக் கணக்குக்குள்தான் நடக்கிறது. அவர் வகுப்பில் பிள்ளைகள் ஏன் வாய் திறக்கத் தயங்குகிறார்கள், தேர்வு நெருங்கினால் அவருடைய பீரியடைக் கணக்கு ஆசிரியர் ஏன் வாங்கிக்கொள்கிறார், ஆசிரியர் கூட்டங்களுக்கு அவரை ஏன் யாரும் கூப்பிடுவதில்லை என்பதற்கெல்லாம் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் அந்த வகுப்பின் அருமையும் மார்க் இல்லாததில்தான் இருக்கிறது என்பேன். ஆறு வயதிலிருந்து ஒவ்வொரு பிழைக்கும் ஒரு மார்க் போகும் என்றே வளர்ந்த பிள்ளைக்கு, தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை என்று ஒருவர் எதிரே நின்று காது கொடுக்கும் நேரம் வாரத்தில் நாற்பது நிமிடம் கிடைக்கிறது. சீனாவின் பள்ளிக்கூட வாழ்க்கையில் அது சாதாரண விஷயம் அல்ல. அந்த நாற்பது நிமிடமும் இப்போது சுருங்கிக்கொண்டே வருகிறது.

ஹுனான் மாகாணத்தின் தலைநகரான சாங்ஷாவை எடுத்துக்கொள்வோம். சியாங் ஆற்றங்கரையில், மிளகாய்க்குப் பேர்போன ஊர். மாவோ ஆசிரியர் பயிற்சி படித்தது இங்கேதான். வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்கள் இந்த ஊருக்கு வந்துபோகத் தொடங்கி நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதனாலேயே அவர்கள் வாழ்க்கையைப் பார்க்க ஷாங்காயைவிட இந்த ஊர் பொருத்தமானது.

காலையில் ஊரே நூடுல்ஸ் கடை வாசலில் நிற்கும். அரிசி மாவில் செய்த தட்டையான நூடுல்ஸ், கொதிக்கும் சாறு, மேலே ஒரு கரண்டி இறைச்சி, பக்கத்துக் கிண்ணங்களில் ஊறவைத்த மிளகாயும் பயறும். பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, சுவரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியீட்டை போனால் ஸ்கேன் செய்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். காய்கறி விற்கும் பாட்டியிடமும் அதே குறியீடுதான். புதிதாக வந்திறங்கிய ஆசிரியரின் முதல் மாதம் இந்த போனைச் சுற்றியே கழியும். வீசாட், அலிபே செயலிகளில் பணம் வைக்க உள்ளூர் வங்கிக் கணக்கு வேண்டும். வங்கிக் கணக்குக்கு உள்ளூர் சிம் வேண்டும். எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். சீனப் பெயர் இரண்டு மூன்று எழுத்தில் முடிந்துவிடும். குடும்பப் பெயர் முதலா கடைசியா, நடுப்பெயரைச் சேர்ப்பதா, நடுவில் இடைவெளி விடுவதா என்ற தகராறு அங்கே இல்லை. வெளிநாட்டுப் பெயரைச் சிம் கடைக்காரர் ஒரு மாதிரியும் வங்கி ஊழியர் இன்னொரு மாதிரியும் பதிந்துவிட்டால், சம்பளம் கணக்கில் இருந்தும் ஒரு பொட்டலம் பால் வாங்க முடியாது. 2023-லிருந்து வெளிநாட்டு கிரெடிட் கார்டுகளையும் இந்தச் செயலிகளில் சேர்த்துக்கொள்ளலாம் என்றான பிறகு கொஞ்சம் நிம்மதி.

வீட்டில் இருப்பவர்களோடு பேசுவது அடுத்த பாடு. கூகுள், யூடியூப், வாட்ஸ்அப், ஃபேஸ்புக் எதுவும் அங்கே திறக்காது. விபிஎன் போட்டுத் திறப்பவர்கள் உண்டு. அது சட்டத்தின் விளிம்பில் நிற்கிற காரியம், முக்கியமான அரசியல் நாட்களில் அதுவும் திணறும். வகுப்புக்கு ஒரு வீடியோ காட்ட வேண்டுமென்றால் ஊரிலிருந்து கிளம்பும்போதே இறக்கி எடுத்துவந்தவர் பிழைத்தார்.

பள்ளி ஏழு ஏழரைக்கே சத்தமாகத் தொடங்கிவிடும். முதல் பீரியடுக்கு முன்னால் காலை வாசிப்பு. ஐம்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில், அவரவர் வேகத்தில், பாடத்தை வாய்விட்டுப் படிப்பார்கள். தாழ்வாரத்தில் நடந்தால் ஒரு வகுப்பிலிருந்து பழைய சீனக் கவிதை வரும், அடுத்த வகுப்பிலிருந்து ஆங்கிலச் சொற்பட்டியல் வரும். இவ்வளவு ஆங்கிலம் வாயில் புழங்குகிற பிள்ளைகள் இன்னும் அரை மணி நேரத்தில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத் திணறுவார்கள் என்பதைப் புதிய ஆசிரியரால் நம்பவே முடியாது.

வகுப்புக்குள் நுழைந்ததும் எல்லோரும் எழுந்து வணக்கம் சொல்வார்கள். உட்கார்ந்ததும் பாதிப் பேர் மறைந்துவிடுவார்கள். காரணம், மேசைமேல் இருக்கும் புத்தக அடுக்கு. பாடநூல், பயிற்சித்தாள், பழைய வினாத்தாள் தொகுப்பு என்று ஒவ்வொருவர் முன்னாலும் ஓரடி உயரம். கடைசி வரிசையில் நெற்றி மட்டும்தான் தெரியும். அந்த அடுக்குக்குப் பின்னால் ஒரு பையன் இயற்பியல் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பான். ஒரு பெண் ராத்திரி விட்ட தூக்கத்தைப் பிடித்துக்கொண்டிருப்பாள். அவர்களைத் திட்ட ஆசிரியருக்கு மனம் வராது. மேல்வகுப்புப் பிள்ளைகள் இரவு பத்து மணி வரை பள்ளியிலேயே உட்கார்ந்து படித்துவிட்டு வருகிறவர்கள். மார்க் இல்லாத பீரியடில் தூங்காமல் வேறு எங்கே தூங்குவார்கள்?

வகுப்பின் பின்கதவில் ஒரு சின்னக் கண்ணாடிச் சதுரம் இருக்கும். பான்சூரென் எனப்படும் வகுப்பாசிரியர் அவ்வப்போது அதன் வழியாக எட்டிப் பார்ப்பார். அந்த ஐம்பது பேரின் படிப்பு, ஒழுக்கம், பெற்றோர், காய்ச்சல் என எல்லாவற்றுக்கும் பொறுப்பு அவர்தான். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்த கணத்தில், இருவர் இருவராக ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்த வகுப்பு அப்படியே அடங்கிப்போகும். பேச வைப்பதற்காகவே சம்பளம் வாங்கும் ஆசிரியருக்குப் பேச்சை மறுபடி கிளப்ப ஐந்து நிமிடம் ஆகும். இதில் வகுப்பாசிரியரைக் குறைசொல்வதற்கில்லை. பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தால் பாடம் நடக்கவில்லை என்றுதான் அவருக்குப் பழக்கம் சொல்கிறது. மற்ற எல்லா பீரியடிலும் அது உண்மையும்கூட.

வார இறுதியில் என்ன செய்தாய் என்று கேட்பது இந்த வேலையில் பலனில்லாத கேள்வி. வீட்டுப்பாடம் செய்தேன், தூங்கினேன் என்று ஐம்பது பேரும் சொல்வார்கள், உண்மையைத்தான் சொல்வார்கள். அனுபவமுள்ள ஆசிரியர்கள், தங்களுக்குத் தெரியாதது பிள்ளைகளுக்குத் தெரியும் என்கிற ஒன்றைத் தேடிப் பிடிப்பார்கள். சாங்ஷாவில் அதற்குப் பஞ்சமே இல்லை. கறுகறுவென்று பொரித்து, தெருமுனைவரை வாடை வீசும் புளித்த தோஃபு இந்த ஊரின் பெருமை. அதை எந்தக் கடையில் வாங்குவது, எப்படிச் சாப்பிடுவது என்று எனக்குச் சொல்லுங்கள் என்று ஆசிரியர் போர்டில் ஆற்றையும் நாலு தெருவையும் வரைந்துவிட்டு சாக்பீஸை நீட்டினால், புத்தக அடுக்குக்குப் பின்னாலிருந்து தலைகள் எழும்பும். ஒருவன் வந்து ஒரு கடையைக் குறிப்பான். அது சுற்றுலாக்காரர்களுக்கான கடை என்று இன்னொருத்தி எழுந்து நிற்பாள். புளிக்கவைப்பது என்பதற்கு ஆங்கிலச் சொல் யாருக்கும் வராது; பழையது, கெட்டுப்போனது, ஆனால் நல்லது என்று மூன்று சொல்லை ஒட்டவைத்துச் சொல்வார்கள். நடுவே துளை போட்டு மிளகாய்ச் சாறு ஊற்றுவதைக் கையால் செய்து காட்டுவார்கள். இலக்கணம் எங்கெங்கோ போகும். ஆனால் அந்த நேரத்தில் அவர்கள் பேசுவது ஆங்கிலம். சொல்ல வேண்டிய சங்கதி தங்களிடம் இருப்பதால் பேசுகிறார்கள்.

ஒரு வகுப்புக்கு வாரம் ஒரு பீரியட்தான். பதினாறு வகுப்பு எடுத்தால் எண்ணூறு பிள்ளைகள். ஆண்டு முடிகிறவரை பாதி முகங்களுக்குப் பெயர் தெரியாமலே போய்விடும். என்னைக் கேட்டால் இந்த ஏற்பாட்டின் பெரிய அநியாயம் இதுதான். பெயர்கூடத் தெரியாதவரிடம் எந்தப் பிள்ளை மனம்விட்டுப் பேசும்? எல்லா வகுப்புக்கும் ஒரு வெளிநாட்டு ஆசிரியர் வருகிறார் என்று பெற்றோரிடம் சொல்வதற்காகப் பள்ளிகள் அவரை மெல்லிசாகத் தேய்த்துப் பரப்பிவிடுகின்றன.

பத்து மணிவாக்கில் ஒலிபெருக்கி எல்லோரையும் மைதானத்துக்கு அழைக்கும், கூட்டு உடற்பயிற்சிக்காக. இன்னொரு வேளை கண் பயிற்சி. பதிவுசெய்த குரல் ஒன்றிலிருந்து எட்டுவரை எண்ண, பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு புருவ ஓரம், மூக்குத் தண்டு, கன்னம் என்று விரலால் அழுத்தித் தேய்ப்பார்கள். கிட்டப்பார்வை பெருகிவிட்டது என்று 1960-களில் தொடங்கிய பழக்கம், இன்றும் நடக்கிறது. ஐம்பது பேர் கண் மூடியிருக்க, ஆசிரியர் மட்டும் சாக்பீஸோடு நின்றுகொண்டிருப்பார். அப்போதுதான் அவருக்கு அந்த முகங்களை ஆற அமரப் பார்க்க வாய்க்கிறது.

மதியம் கேண்டீனில் எஃகுத் தட்டு, சோறு, முட்டை போட்ட தக்காளி, மிளகாயில் வதக்கிய பன்றி இறைச்சி. சாப்பிட்டதும் பள்ளி முழுக்கத் தூங்கும். பிள்ளைகள் மேசையில் தலை சாய்ப்பார்கள்; ஆசிரியர் அறையில் மடக்குக் கட்டில்கள் விரியும். இரண்டு மணி வரை யாரையும் எதற்கும் தேட முடியாது. இந்தப் பழக்கத்தை வெளிநாட்டு ஆசிரியர்கள் சீக்கிரமே கற்றுக்கொள்கிறார்கள்.

சேதிகள் வீசாட்டில்தான் வரும், பெரும்பாலும் முந்தைய நாள் இரவு. நாளை உங்கள் வகுப்பு இல்லை, தேர்வு. இந்த ஞாயிறு பள்ளி உண்டு. அக்டோபர் 1 தேசிய நாள் விடுமுறைக்கு ஈடாக, வியாழக்கிழமை டைம்டேபிள்படி நடக்கும். இது எல்லோருக்கும் ஒரு வாரம் முன்பே தெரிந்திருக்கும். சீனம் படிக்கத் தெரியாதவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று யாருக்காவது நினைவு வரும்போது இரவு ஒன்பதரை ஆகியிருக்கும். பகைமையால் நடப்பது அல்ல இது. சீன ஆசிரியர்களின் சுமையைப் பார்த்தவர்களுக்குக் கோபமே வராது. ஆனாலும் ஒரே கட்டடத்தில் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தும் விருந்தாளியாகவே இருப்பது பலரைக் களைத்துப்போகச் செய்கிறது. செப்டம்பர் 10 ஆசிரியர் தினம். பணியில் சேர்ந்த இரண்டாவது வாரத்திலேயே, இன்னும் பெயர் தெரியாத பிள்ளைகள் பூவும் கையால் வரைந்த வாழ்த்தட்டையும் கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்த அட்டைகளை ஊருக்குத் திரும்பும்போது பெட்டியில் வைத்து எடுத்துப்போகாத ஆசிரியர் குறைவு.

குளிர்காலத்தைச் சொல்லாமல் சாங்ஷாவைச் சொல்ல முடியாது. சின்லிங் மலையையும் ஹுவாய் ஆற்றையும் இணைக்கும் கோட்டுக்கு வடக்கே வீடு, பள்ளி எல்லாவற்றுக்கும் அரசே குழாய் வழியாக வெப்பம் அனுப்பும் ஏற்பாடு 1950-களிலிருந்து இருக்கிறது. பெய்ஜிங்கில் நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை அறைக்குள் சட்டையோடு உட்காரலாம். சாங்ஷா கோட்டுக்குத் தெற்கே. ஜனவரியில் 5 டிகிரி அளவில் ஈரக் குளிர் எலும்புக்குள் இறங்கும். காற்றோட்டம் வேண்டும் என்று ஜன்னலைத் திறந்தே வைப்பார்கள். ஆசிரியரும் பிள்ளைகளும் தடிமனான கோட்டோடு பாடம் நடத்துவார்கள், படிப்பார்கள். கனடாக்காரர்கள்கூட இந்தக் குளிருக்கு நடுங்குகிறார்கள். அவர்கள் ஊரில் குளிர் வாசலோடு நின்றுவிடும்.

பாஸ்போர்ட் சொல்லும் தகுதி

இந்த வேலைக்கு யார் வரலாம்? 2017 ஏப்ரலிலிருந்து நாடு முழுவதும் ஒரே வேலை உரிமம், ஏ, பி, சி என்று மூன்று வகை. ஆங்கில ஆசிரியர்கள் பெரும்பாலும் பி. இளங்கலைப் பட்டம், இரண்டு ஆண்டு அனுபவம் அல்லது ஆங்கிலம் கற்பிக்கும் சான்றிதழ், குற்றப் பின்னணி இல்லை என்ற போலீஸ் சான்று, ரத்தப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே எல்லாம் வேண்டும். முன்பு இந்தக் காகிதங்களைச் சீனத் தூதரகம் வரை கொண்டுபோய் முத்திரை வாங்கியாக வேண்டும். 2023 நவம்பர் 7-ம் தேதி அப்போஸ்டில் ஒப்பந்தம் சீனாவில் அமலுக்கு வந்தபின் அந்த அலைச்சல் குறைந்திருக்கிறது. நாட்டில் இறங்கியதும் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் முகவரியைப் பதிய வேண்டும், முப்பது நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறது இன்னொரு நிபந்தனை. மொழி ஆசிரியர், தான் கற்பிக்கும் மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டின் குடிமகனாக இருக்க வேண்டும். நடைமுறையில் அது ஏழு நாடுகள்: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா. நைஜீரியாவும் கானாவும் பட்டியலில் இல்லை, இந்தியாவும் பிலிப்பைன்ஸும் இல்லை, சிங்கப்பூரும் இல்லை. அந்த ஏழு நாடுகளில் பட்டம் வாங்கியவர்களுக்குச் சில இடங்களில் வழி விடுகிறார்கள் என்பது தவிர, கதவு மூடியே இருக்கிறது. 1860 நவம்பரில் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் போய் டர்பனில் இறங்கிய கரும்புத் தோட்டத் தொழிலாளர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட்டோடு சாங்ஷாவில் பாடம் நடத்தலாம். மதராஸிலேயே தங்கிவிட்ட பங்காளி வீட்டில் இருபது ஆண்டு ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர் இருந்தாலும் அவருக்கு இடமில்லை.

சட்டப்படி தகுதி இருந்தாலும் எல்லோருக்கும் ஒரே வரவேற்பு கிடையாது. வெள்ளைத் தோல்தான் வேண்டும் என்று வெளிப்படையாகவே போட்ட விளம்பரங்கள் ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டிருந்தன. கறுப்பின அமெரிக்கருக்குத் தொலைபேசியில் உறுதியான வேலை, புகைப்படம் அனுப்பியதும் கைநழுவிய கதைகள் ஏராளம். மறுபக்கம், ஆங்கிலமே அரைகுறையான கிழக்கு ஐரோப்பியர்கள் அமெரிக்கர் என்று சொல்லிக்கொண்டு மாணவர் விசாவில் பாடம் நடத்தினார்கள். உரிமம் இல்லாமல் வேலை பார்த்துப் பிடிபட்டால் 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். கடுமையான குற்றமென்றால் 5 முதல் 15 நாள் காவல், பிறகு நாடு கடத்தலும் உண்டு. அவரை வைத்துப் பணம் பண்ணிய நிறுவனம் அபராதம் கட்டிவிட்டு அடுத்த ஆளைத் தேடும். பிறந்த இடத்தையும் முகத்தையும் ஆசிரியரின் தகுதியாக வைப்பது, படிக்கிற பிள்ளைக்குச் செய்கிற துரோகம். நல்ல ஆசிரியரைக் கண்டுபிடிக்க வழி தெரியாத அமைப்பு, அடையாளம் காண எளிதான ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

எம்ப்சனும் சால்ஸ்மனும் நின்ற ஊர்

1906-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பட்டதாரிகள் சாங்ஷாவில் யாலி பள்ளியைத் தொடங்கினார்கள். மதம் பரப்ப வந்து, பள்ளியும் மருத்துவமனையும் நடத்துவதில் தங்கிவிட்டவர்கள். கொரியப் போர்க் காலத்தில், 1951-ல், அந்த உறவு அறுந்தது. பள்ளி அரசுடைமையாகி, இன்றும் ஊரின் முதல் வரிசைப் பள்ளிகளில் ஒன்றாக இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த கதை 1937-ல் நடக்கிறது. ஜப்பானியப் படை பெய்ஜிங்கைப் பிடித்ததும் பெய்ஜிங், சிங்ஹுவா, நான்காய் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் மூட்டை கட்டிக்கொண்டு சாங்ஷாவுக்கு வந்து ஒன்றாக இயங்கின. ஊரில் இடம் போதாமல் கலைப் பிரிவை நான்யுவே மலைக்கு அனுப்பினார்கள். அங்கே ஆங்கில இலக்கியம் நடத்த வந்து சேர்ந்தார் வில்லியம் எம்ப்சன் என்ற 31 வயது ஆங்கிலேயர். இலக்கிய விமர்சனத்தில் அதற்குள் பெயர் வாங்கிவிட்ட கவிஞர். நூலகம் போரில் சிக்கிவிட்டது. கையில் புத்தகம் இல்லை. ஷேக்ஸ்பியரையும் மற்றவர்களையும் நினைவிலிருந்தே சொல்லியும் தட்டச்சு செய்தும் பாடம் நடத்தினார். சில மாதத்தில் போர் நெருங்க, பல்கலைக்கழகம் மறுபடி கிளம்பி யுன்னான் மாகாணத்துக்குப் போனது. எம்ப்சனும் போனார்.

அவரிடம் படித்த மாணவர்களில் ஒருவர் சூ குவோசாங். 1960-களில் அவர் தொகுத்த ஆங்கிலப் பாடநூல் வரிசை சீனாவில் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயரானது. இடையில் நிறுத்தப்பட்டிருந்த காவ்காவ் 1977-ல் திரும்ப வந்தபோது, வயல் வேலைக்கு அனுப்பப்பட்டிருந்த தலைமுறை ஒன்று அந்தப் புத்தகத்தைத் தேடி அலைந்து படித்தது. இன்னொரு மாணவர் வாங் சுவோலியாங், நாட்டின் முன்னணி ஆங்கில இலக்கிய அறிஞர் ஆனார். மலையில் புத்தகமில்லாமல் நடந்த வகுப்பு எங்கெங்கோ போய்ச் சேர்ந்திருக்கிறது. வெளிநாட்டு ஆசிரியர்களால் என்ன பயன் என்று கணக்குக் கேட்பவர்கள் இதையும் வரவில் வைக்க வேண்டும்.

1982-ல் பிபிசி-யின் 'ஃபாலோ மீ' பாடங்கள் சீன அரசுத் தொலைக்காட்சியில் வரத் தொடங்கின. அதை நடத்திய கேத்தி ஃப்ளவர் தெருவில் நடக்க முடியாத அளவுக்குப் பிரபலமானார். அதே ஆண்டு மார்க் சால்ஸ்மன் என்ற யேல் பட்டதாரி சாங்ஷாவின் ஹுனான் மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். 1984 வரை இருந்து ஆங்கிலம் கற்பித்தார், சீனத் தற்காப்புக் கலை கற்றார், 1986-ல் அந்த அனுபவத்தை 'அயர்ன் அண்ட் சில்க்' என்ற நூலாக்கினார். அதில் ஒரு நிகழ்ச்சி. வாழ்வில் மிக மகிழ்ந்த தருணத்தைப் பற்றி எழுதிவரச் சொல்கிறார். நடுவயதைத் தாண்டிய சீன ஆசிரியர் ஒருவர் பெய்ஜிங் விருந்தில் வாத்து சாப்பிட்டதை வரி வரியாக, ருசி ருசியாகப் படிக்கிறார். படித்து முடித்துவிட்டு, தான் பெய்ஜிங் போனதே இல்லை, போய் வந்தவர் மனைவிதான், அவர் சொல்லிச் சொல்லித் தானே போய்வந்ததுபோல ஆகிவிட்டது என்கிறார். கலாசாரப் புரட்சி முடிந்து சில ஆண்டுகளே ஆன காலம். எதை எழுதினாலும் யார் படிப்பார்களோ என்று அஞ்சிப் பழகிய ஒரு மனிதரால், மார்க் போடாத ஒரு இளைஞரிடம் அதைச் சொல்ல முடிந்திருக்கிறது.

1993-லிருந்து அமெரிக்க அரசின் பீஸ் கோர் தொண்டர்கள் சிச்சுவான், குய்சோ, கான்சு பக்கத்துக் கல்லூரிகளுக்கு வந்தார்கள். 2020-ல் திட்டம் முடியும்வரை 1,300-க்கும் மேற்பட்டோர். அவர்களில் 1996-ல் யாங்சே ஆற்றங்கரையின் ஃபூலிங்குக்குப் போன பீட்டர் ஹெஸ்லர், அங்கே பழகிய மாணவர்களோடு இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் கடிதத் தொடர்பில் இருந்து, 2019-ல் சிச்சுவான் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கத் திரும்பினார். முதல் மாணவர்களில் பலர் கிராமத்தில் பிறந்து ஆங்கில ஆசிரியர் ஆனவர்கள். அவர்கள் பிள்ளைகள் இப்போது நகரத்தில் படிக்கிறார்கள்.

2021 ஜூலை 24

2001-ல் தொடக்கப்பள்ளி மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் என்று அரசு அறிவித்தது முதல், ஆங்கில டியூஷன் பெரும் தொழிலாக வளர்ந்தது. மாலையிலும் சனி ஞாயிறிலும் நடக்கும் பயிற்சி மையங்கள் வெளிநாட்டு ஆசிரியர்களை ஆயிரக்கணக்கில் எடுத்தன. கல்லூரி வேலையில் சம்பளம் குறைவு, விடுமுறை அதிகம், வளாகத்திலேயே வீடு. மையத்தில் சம்பளம் அதிகம், ஆனால் ஊர் ஓய்வெடுக்கும் நேரமெல்லாம் வேலை. 2013-ல் தொடங்கிய விஐபிகிட் போன்ற நிறுவனங்கள் ஆசிரியரை வரவழைக்காமலே திரையில் கொண்டுவந்தன. பெய்ஜிங்கில் மாலை ஏழு என்றால் கோடைகால நியூயார்க்கில் காலை ஏழு. அமெரிக்கப் பள்ளி ஆசிரியைகள் விடிகாலையில் எழுந்து சீனக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்திவிட்டுத் தங்கள் பள்ளிக்குப் போனார்கள்.

2021 ஜூலை 24 அன்று 'இரட்டைக் குறைப்பு' உத்தரவு வந்தது. வீட்டுப்பாடத்தைக் குறை, டியூஷனைக் குறை. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை பாடங்களுக்கான டியூஷனில் லாபம் கூடாது. வார இறுதியிலும் விடுமுறையிலும் நடத்தக் கூடாது. வெளிநாட்டில் இருக்கும் ஆசிரியரை வைத்து நடத்தவே கூடாது. சில வாரங்களில் அந்தத் தொழில் சரிந்தது. மையங்கள் இரவோடு இரவாக மூடின. சம்பள பாக்கி, வேலையோடு சேர்ந்தே போகும் குடியிருப்பு அனுமதி, கொரோனா காலத்தில் கிடைக்காத விமானம் என்று வெளிநாட்டு ஆசிரியர்கள் தவித்தார்கள். சீன ஆசிரியர்கள் நிலை இன்னும் மோசம். 1993-ல் யூ மின்ஹோங் தொடங்கிய நியூ ஓரியன்டல், நாட்டின் மிகப் பெரிய பயிற்சி நிறுவனங்களில் ஒன்று; 60,000 பேரை வேலையிலிருந்து அனுப்பியதாக அவரே 2022 ஜனவரியில் சொன்னார். அந்த நிறுவனத்தின் ஆங்கில ஆசிரியர் டோங் யூஹுய், போனில் நேரலையாக அரிசி விற்றபடியே பக்கத்தில் வெள்ளைப் பலகையில் ஆங்கிலச் சொல் எழுதிக் காட்டி 2022 ஜூனில் நாடறிந்தவர் ஆனார்.

உத்தரவின் நோக்கத்தை நான் எதிர்க்கவில்லை. பிள்ளைகள் தூங்க வேண்டும். காசுள்ளவர் பிள்ளை மட்டும் முந்தக் கூடாது. ஆனால் காவ்காவ் அப்படியே இருக்க, டியூஷனை மட்டும் மூடினால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. பணக்காரர்கள் வீட்டுக்கே ஆள் வரவழைத்து ரகசியமாகச் சொல்லித்தந்தார்கள். நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளை வெளிநாட்டு ஆசிரியரோடு பேசப் பழகும் வாய்ப்புதான் முதலில் போனது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஷாங்காய், தொடக்கப்பள்ளி இறுதித் தேர்விலிருந்து ஆங்கிலத்தை எடுத்தது. குழந்தைப் பிறப்பும் சரிந்துகொண்டே போகிறது. 2023-ல் மட்டும் சீனாவில் 14,000-க்கும் மேற்பட்ட மழலையர் பள்ளிகள் குறைந்தன. அங்கேதான் இளம் வெளிநாட்டு ஆசிரியர்கள் பலர் பாடிக்கொண்டும் ஆடிக்கொண்டும் வேலை தொடங்குவார்கள்.

வேலை இல்லாமல் போய்விடவில்லை. அரசுப் பள்ளிகள், கல்லூரிகள், வெளிநாட்டுப் படிப்புக்குத் தயார் செய்யும் தனியார் பள்ளிகள் ஆள் எடுக்கின்றன. ஆகஸ்ட் கடைசியில் வருகிறார்கள், ஜூன் ஜூலையில் ஒப்பந்தம் முடிகிறது. அடுத்த வேலைக்குப் போக பழைய பள்ளி விடுவிப்புக் கடிதம் தர வேண்டும். தராமல் இழுத்தடிப்பது பழைய வியாதி, இன்னும் தீரவில்லை.

பேச்சுக்கு மார்க் தரத் தொடங்கியிருக்கும் இடங்களும் உண்டு. குவாங்டோங் மாகாணம் முன்னோடி. பெய்ஜிங்கில் 2021-லிருந்து காவ்காவ் ஆங்கிலத்தின் 150-ல் 50 மார்க் கேட்பதற்கும் பேசுவதற்கும் சேர்த்து. அதில் பேச்சுக்கு 20. டிசம்பரிலும் மார்ச்சிலும் தனித்தேர்வு. நல்ல செய்திதான், நெடுநாள் கேட்ட மாற்றம்தான். ஆனால் மாணவர் பேசுவது கணினியோடு. ஹெட்போன் மாட்டிக்கொண்டு, திரையில் வரும் கேள்விக்கு, குறித்த நொடிக்குள் மைக்கில் பதில் சொல்ல வேண்டும். அதற்கான பயிற்சி மென்பொருள்கள் பள்ளிகளுக்கு வந்தாயிற்று. தேர்வுக்குக் கணினி போதும் என்றால் வகுப்புக்கும் போதுமே என்று நிர்வாகங்கள் யோசிக்கத் தொடங்கினால், டைம்டேபிளில் முதலில் எந்தக் கட்டம் அழியும் என்பதை வெளிநாட்டு ஆசிரியர்கள் அறிவார்கள். வாரம் ஒரு பீரியடை இரண்டாக்கி, ஒருவரிடம் எண்ணூறு பேரை விடாமல் இருநூறு பேரை விட்டு, பாஸ்போர்ட்டைப் பார்க்காமல் பாடம் நடத்தும் விதத்தைப் பார்த்து ஆள் எடுப்பதற்குச் சீன அரசுக்குப் பணமும் குறைவில்லை, அதிகாரமும் குறைவில்லை. தோஃபு கடைக்கு வழி கேட்டு யாரோ ஒருவர் எதிரே நின்றால்தான் அந்தப் பிள்ளைகளுக்கு வாய் திறக்கிறது.